குழப்படி இரத்தத்தில் வருகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையில் ஒரு பிள்ளை குழப்படி செய்தால் முதலில் அதன் பரம்பரையைத்தான் விசாரிப்பார்கள். இம்முறை வந்த கடிதங்களும் அப்படியே.

இரண்டரை வயது மகன். வேண்டாம் என்றதைத்தான் செய்கிறான். "தகப்பனும் இந்த வயதில் இப்படித்தான், அது இரத்தம்" என்கிறார் மாமி. உண்மையா?
— ஒரு தாய், உப்புவெளி

மாமி பாதி சரி. நீட்டிய கையைத் தானே இழுத்துக்கொள்ளும் அடக்கம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை இரட்டையரை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களுக்கு மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒன்று. தனித்தனிக் கருவில் உருவானவர்கள் சாதாரண சகோதரரைப் போலச் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். முதல் வகையினர் மற்றவர்களைவிட எவ்வளவு அதிகம் ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தால் மரபணுவின் பங்கு பிடிபடும். 30,000-க்கும் மேற்பட்ட இரட்டையரின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வில் அது ஏறத்தாழ 60 வீதம்.

இந்த எண்ணை மாமியிடம் சொல்வதற்கு முன் பொறுங்கள். மகனின் குழப்படியில் 60 பங்கு தகப்பனுடையது, மிச்சம் உங்களுடையது என்று இதற்குப் பொருள் இல்லை. பல பிள்ளைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு அது. ஒரு பிள்ளையிடம் போய் அதைக் கேட்பது, தவில் ஓசையில் தோல் எவ்வளவு, கை எவ்வளவு என்று கேட்பதைப் போன்றது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மரபணுவைக் கொடுத்த அதே தகப்பன் வீட்டில் சத்தம் போடுபவராகவும் இருக்கலாம். மகன் கோபத்தை இரத்தத்தில் வாங்கினானா, விறாந்தையில் பார்த்துப் பழகினானா? சொந்தப் பெற்றோருடன் வளரும் பிள்ளையிடம் இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். ஆய்வாளர்கள் தத்துப் பிள்ளைகளைத் தேடிப் போவது அதனால்தான்.

இப்போதைக்கு "ஓடாதே" என்பதை விட்டு "நட" என்று சொல்லிப் பாருங்கள். இந்த வயதில் ஒன்றைச் செய்வது சுலபம், தொடங்கியதை நிறுத்துவதுதான் பாடு.

ஒரே அச்சில் இரட்டைப் பெண் பிள்ளைகள், இரண்டு வயது. ஒருத்தி பொறுமைசாலி, மற்றவள் கையில் அகப்பட்டதையெல்லாம் எறிகிறாள். மரபணு ஒன்றென்றால் இது எப்படி?
— ஒரு வாப்பா, கிண்ணியா

முதலில், அவர்கள் ஒரே கருவில் பிரிந்தவர்கள்தானா? முக ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு கட்டினால் பிழையாகலாம்.

அவ்வாறே என்று வைத்துக்கொண்டாலும், பார்க்கும் கண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருத்தியைச் சாது என்றும் மற்றவளைக் குழப்படி என்றும் பெயரிட்டுவிடுகிறோம். பிறகு அந்தப் பெயருக்குப் பொருந்துவது மட்டுமே கண்ணில் படுகிறது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இரண்டு வயதுள்ள 300-க்கும் மேற்பட்ட இரட்டையர் சோடிகளைப் பரிசோதித்தார்கள். பெற்றோர் சொன்னதை வைத்துக் கணக்கிட்டபோது அடக்கத்தில் மரபணுவின் பங்கு 58 வீதம். ஆய்வுகூடத்தில் நேரில் பார்த்தபோது 38 வீதம். அதற்காகப் பெற்றோர் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. அவர்கள் பார்ப்பது முழு நாளை, ஆய்வாளர் பார்ப்பது சிறு பொழுதை.

மரபணு விட்டுவைத்த இடமும் சிறியதன்று. பிறந்த எடை, ஒருத்திக்கு மட்டும் வந்த நீண்ட காய்ச்சல், தூக்கம் என்று ஒரே வீட்டிலேயே இருவருக்கும் வேறு வேறு வாழ்க்கை அமைகிறது. ஒரு வாரம் கொப்பியில் எழுதுங்கள்: எறிந்தது யார், எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. பெரும்பாலும் பசியும் தூக்கமும் அந்தப் பக்கங்களில் அகப்படும். "சாது" எறிந்த நாட்களும் அகப்படலாம்.

மரபணுப் பரிசோதனை செய்து மகன் முரடனாவானா என்று அறிய முடியுமா?
— நிலாவெளி

முடியாது. பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். குணத்துக்கென்று ஒற்றை மரபணு கிடையாது, கடுகளவு பங்குள்ளவை ஏராளம். 2002இல் நியூசிலாந்தின் டுனெடின் ஆய்வில் முரட்டுத்தனத்தோடு தொடர்புபடுத்தி ஒரு மரபணு வகை பேசப்பட்டது. அங்கும் சிறுவயதில் கொடுமைக்கு உள்ளான ஆண் பிள்ளைகளிடம்தான் அதன் விளைவு வலுவாகத் தெரிந்தது.

பேத்திக்கு இரண்டு வயது, கடிக்கிறாள். ஒரு அடி போட்டால் நிற்காதா?
— ஓர் அம்மம்மா, திருக்கடலூர்

அந்த நேரத்துக்கு நிற்கும், அம்மா. அடிப்பதும் கடிப்பதும் மனித வாழ்வில் மிக அதிகமாக இருப்பது இரண்டு, மூன்று வயதில்தான். கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து இதைக் காட்டினார். கை ஓங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஓங்காமல் இருக்கத்தான் பழக வேண்டும். நீங்கள் ஓங்கினால் அவள் எதைப் பழகுவாள்? மெல்லப் பிடித்து, "கடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். நூறு தடவை சொல்ல நேரிடும். கடற்கரை பக்கத்தில்தானே, பின்னேரத்தில் ஈர மணலில் ஓடவிடுங்கள்.

இனிப்பை முன்னால் வைத்து, பொறுத்தால் இரண்டு தருவேன் என்றேன். நான்கு வயது மகள் உடனே தின்றுவிட்டாள். எதிர்காலம்?
— மூதூர்

நலமாக இருக்கும். நீங்கள் செய்து பார்த்த அந்தச் சோதனையை உளவியலாளர் வோல்டர் மிஷெல் நடத்தியது ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில். 2018இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மீண்டும் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தவுடன் பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள தொடர்பு பெரிதும் சுருங்கிவிட்டது. இரண்டாவது இனிப்பையும் கொடுத்துவிடுங்கள்.

எப்போது வைத்தியரிடம் காட்ட வேண்டும்?
— தம்பலகாமம்

தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், கற்ற சொற்களை இழந்தால், அல்லது இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா" போல இரண்டு சொற்களைச் சேர்க்காவிட்டால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் காட்டுங்கள். செவிப்புலனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சொல் கேளாத பிள்ளை என்று கூட்டி வரப்படுபவர்களில் சிலருக்கு உண்மையிலேயே காது கேட்பதில்லை.