பக்கவாதம் வந்த அப்பாவைக் குளிக்க வைக்க எந்த நாற்காலி வாங்கலாம்?

அப்பாவுக்கு வலது கை, கால் விழுந்துவிட்டது, தர்மபுரி பக்கம் ஒரு இல்லத்தில் இருக்கிறார், அங்கே ஈரத்துணியில் துடைத்துவிடுவதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். குளியல் நாற்காலி வாங்கிக் கொடுத்தால் உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கண்டிப்பாக உதவும். கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்த புதிதில் எங்களிடமும் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிதான். ஒரு நாள் சோப்புத் தண்ணீரில் அதன் கால் வழுக்கி விரிந்து, தாத்தா ஒருவர் பக்கவாட்டில் சரிந்துவிட்டார். நான் பிடித்துக்கொண்டதால் அடிபடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் "குளியல்" என்றாலே அவர் கட்டிலை இறுகப் பிடித்துக்கொள்வார்.

நீங்கள் வாங்க வேண்டியது சக்கரம் வைத்த குளியல் நாற்காலி. நடுவில் ஓட்டை உள்ளதாக வாங்கினால் கழிப்பறைக்கும் அதுவே ஆகும். நான்கு சக்கரத்துக்கும் பிரேக், இடுப்பு பெல்ட், கால் வைக்கும் பலகை, மடக்கக்கூடிய கைப்பிடி இருக்கிறதா பாருங்கள். கைப்பிடி மடங்கினால்தான் ஆளைத் தூக்காமல் கட்டிலிலிருந்து நகர்த்தி உட்கார வைக்க முடியும். துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். நம் போர் தண்ணீரில் இரும்பு நிற்காது. ஹேண்ட் ஷவர் ஓட்டையைக்கூட உப்பு அடைத்துவிடுகிறது.

இனி, எல்லாவற்றையும் அப்பாவின் இடது கையை வைத்தே யோசியுங்கள். கட்டிலிலிருந்து மாற்றும்போது நாற்காலி அவருக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். சுவர்க் கம்பியும் அவர் இடக்கைக்கு எட்டும் இடத்தில், போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். ரப்பர் உறிஞ்சியில் ஒட்டும் கம்பியை நம்பாதீர்கள், ஈரத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். விழுந்த கையைப் பிடித்து யாரும் தூக்கக் கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும்.

தண்ணீரை அவர் இடது கையில்தான் முதலில் ஊற்ற வேண்டும். விழுந்த பக்கம் சூடு உறைக்காமல் இருக்கலாம். வலப்பக்கம் விழுந்தவர்கள் பலருக்குப் பேச்சும் பாதிக்கப்படுவதால், சுடுகிறது என்று சொல்லவும் வராது. 37-லிருந்து 40 டிகிரி போதும். கீசரில் 60 டிகிரி வரை ஏறும் தண்ணீர் சில நொடியிலேயே தோலை வேகவைத்துவிடும். அதனால் பக்கெட்டில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, பிறகு சுடுதண்ணீர் கலக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் பழக்கம் இருந்தால் விட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு தேய்க்கட்டும். எண்ணெய் உடம்போடு ஆளை மாற்றவே கூடாது, பிடி நிற்காது.

மடியில் ஒரு துண்டைப் போட்டே குளிக்க வைக்கச் சொல்லுங்கள். சொம்பை அவர் இடக்கையில் கொடுங்கள். சரிந்து விழுந்தாரே அந்தத் தாத்தா, புது நாற்காலி வந்த அன்று, "விடும்மா, நானே ஊத்திக்கறேன்" என்று சொம்பை வாங்கி அரைமணி நேரம் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கெட் மூன்று தடவை நிரப்பினோம். அதன்பின் அவரைக் கூப்பிட வேண்டிய வேலையே எங்களுக்கு இருந்ததில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்குக் கூட்டிவருவதாக இருந்தால், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கட்டிலிலிருந்து மாற்றும் முறையைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். 2021-ல் அந்தத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். கடைக்குப் போகும்முன் இரண்டு இடத்திலும் குளியலறைக் கதவின் அகலத்தையும் வாசற்படி உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள்.