லேடெக் என்னும் ஆவண மென்பொருளில் எழுதிய அறிக்கையில், ஒரு சுருக்கத்தின் முழுப்பெயர் பொருளடக்கத்தில் விரிந்து, உள்ளே சுருக்கமாக நிற்கிறதா?

தலைப்புகளில் சுருக்கத்தை இடுவதற்கு இருக்கும் ஜிஎல்எஸ் கட்டளையை எடுத்துவிட்டு, எப்போதும் சுருக்கத்தை மட்டுமே காட்டும் ஜிஎல்எஸ்என்ட்ரிஷார்ட் போடுங்கள். உங்கள் மண்டபம் அறிக்கையில் 'மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்' பொருளடக்கத்தில் விரிந்து, முதல் அத்தியாயத்தில் வெறும் 'சி.எம்.எஃப்.ஆர்.ஐ.' என்று நிற்பது சரியாகிவிடும்.

சுருக்கங்களைக் கையாளும் லேடெக்கின் குளோசரீஸ் தொகுப்பு, ஜிஎல்எஸ் வழியாக ஒரு சுருக்கத்தை முதன்முதலில் எங்கே பார்க்கிறதோ, அங்கேதான் விரிக்கும். பொருளடக்கம் முன்னால் வருவதால் அந்த முதல் முறை அங்கேயே தீர்ந்துபோகிறது. படப்பட்டியல் வைத்திருந்தால் படக்குறிப்புகளிலும் இதே சிக்கல்தான். பாம்பன் படகுத்துறைப் படத்தின் குறிப்பையும் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால், பொருளடக்கக் கட்டளைக்கு முன்னால் ஒரு சதவீதக் குறி போட்டு அதைச் செயல்படாமல் நிறுத்தி, லேடெக்கை இரண்டு முறை ஓட்டுங்கள். விரிவு அத்தியாயத் தலைப்புக்கு இறங்கி வந்தால் காரணம் இதுவேதான்.

ஒன்று கவனம்: ஜிஎல்எஸ்என்ட்ரிஷார்ட் மட்டும் போட்டால் அந்தச் சுருக்கம் சுருக்கப் பட்டியலில் சேராது. உரைக்குள் ஒரு முறையாவது ஜிஎல்எஸ் வேண்டும்.

அப்புறம், ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்திலும் ஜிஎல்எஸ்ரீசெட்ஆல் போடுவது நல்லது என்பேன்; அதன்பின் வரும் முதல் ஜிஎல்எஸ் மறுபடியும் முழுப்பெயரை விரிக்கும். தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் வலை பற்றிய அத்தியாயத்தை மட்டும் புரட்டினாலும் முழுப்பெயர் அவருக்குக் கிடைக்க வேண்டும்.