தவளையைப் பஞ்சுக்குச்சியால் தேய்ப்பது எதற்கு?

சூழலியலில் பிஎச்டி செய்பவர்கள் ராத்திரியில் தவளையைப் பிடித்துப் பஞ்சுக்குச்சியால் தேய்ப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தவளையின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கத்தான். தவளை தண்ணீரையும் உப்பையும் தோல் வழியாகவே எடுத்துக்கொள்ளும். பூஞ்சை அந்தத் தோலைக் கெடுத்தால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் தவளைகள் கொத்துக்கொத்தாகச் செத்ததற்கு இதுதான் காரணம் என்று 1998-இல் கண்டறிந்தார்கள்.

வயிறு, உள்தொடை, விரலிடைச் சவ்வு என்று குச்சியை உருட்டித் தேய்த்து, சின்னக் குழாயில் போட்டு மூட வேண்டும். அப்புறம் ஆய்வகத்தில் பிசிஆர் சோதனை, அதாவது குச்சியில் பூஞ்சையின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை கட்டாயம். இல்லையென்றால் நாமே நோயைப் பரப்பிவிடுவோம். அடுத்த ஓடைக்குப் போகும்முன் பூட்ஸை பிளீச்சிங் கரைசலில் கழுவ வேண்டும். காடு, மலை, சாகசம் என்று நினைத்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: பாதி நாள் பூட்ஸ் கழுவுவதிலும் எக்செலில் எண்களை நிரப்புவதிலும்தான் போகும். மழைக்காலத்தில் தூக்கமும் கிடையாது, தவளைகள் கத்துவது அப்போதுதானே!