ஒரே ஊசியோடு நின்றுவிட்ட நாய்க்குட்டி

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டு நாய் ஈன்ற குட்டிக்கு 45ஆம் நாளில் கூட்டுத் தடுப்பூசி ஒன்று போட்டோம். இப்போது அதற்குப் பத்துக் கிழமை. ஒன்று போட்டாயிற்று, இனி அடுத்த வருடம் போட்டால் போதும் என்று அயலவர் சொல்கிறார். தாய்க்கு நான்கு வயது. வளவை விட்டு வெளியே போகாததால் அதற்கு இதுவரை எந்த ஊசியும் போடவில்லை. இரண்டுக்கும் என்ன செய்ய வேண்டும்?”

அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டாம். குட்டிக்கு இரண்டாவது ஊசியை இந்தக் கிழமையே போடுங்கள். பார்வோ (இரத்த வயிற்றோட்டத்தை உண்டாக்கும் வைரசு நோய்), டிஸ்டெம்பர் (காய்ச்சலும் வலிப்பும் தரும் வைரசு நோய்), தொற்றும் கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஒருமுறை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதால் இறக்கும் குட்டிகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

காரணம் தாய்ப்பாலில் இருக்கிறது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் கடும்புப் பால் வழியாகத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் குட்டியின் இரத்தத்தில் சேர்கின்றன. அவை நோய்க்கிருமியைத் தடுப்பது போலவே, உள்ளே செலுத்தப்படும் தடுப்பூசி மருந்தையும் செயலிழக்கச் செய்துவிடும். அவை ஒரு குட்டியில் எட்டுக் கிழமையில் தீர்ந்துவிடலாம். இன்னொன்றில் பதினாறு கிழமை வரையும் நிற்கலாம். உங்கள் தாய் நாய்க்கு ஊசி போடப்படாவிட்டாலும், அது முன்பு எப்போதாவது இக்கிருமிகளை எதிர்கொண்டு பிழைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு பாலில் வந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்து இதை அறிய முடியாது. ஆகவே 45ஆம் நாளில் போட்ட ஊசி பலித்ததா, வீணானதா என்று எவராலும் உறுதி கூற முடியாது. மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை மீண்டும் போடுவதும், கடைசி ஊசி பதினாறு கிழமைக்கு முன்னதாக அமையக் கூடாது என்பதும் இதனால்தான்.

சென்ற மாரியில் ஒரு தகப்பனும் மகளும் மூன்று மாதக் குட்டியொன்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். துவாயை விரித்ததும் பார்வோவுக்கே உரிய அந்த இரத்த நாற்றம் அறையெங்கும் பரவியது. முரசு வெளிறி, கண்கள் குழிவிழுந்திருந்தன. தடுப்பூசிப் புத்தகத்தில் ஒரேயொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. “ஊசி போட்ட குட்டிதானே, டொக்டர்?” என்று அந்தப் பிள்ளை கேட்டாள். சேலைன் ஏற்றியும் மூன்றாம் நாள் அது இறந்துவிட்டது. இனி எவரும் அப்படிக் கேட்க நேரக்கூடாது என்றே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆகவே உங்கள் குட்டிக்கு இப்போது ஒன்று, பதின்மூன்றாம் கிழமையில் ஒன்று, பதினாறு கிழமை முடிந்ததும் ஒன்று, அதன்பின் ஆறு மாதமாகும்போது ஒன்று எனக் கூட்டுத் தடுப்பூசியைப் போடுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியைப் பதின்மூன்றாம் கிழமையில் சேர்த்துப் போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடருங்கள். அது அரச சேவையில் இலவசமாகவே போடப்படுகிறது. பதினாறாம் கிழமை ஊசி போட்டு இரண்டு கிழமை கழியும் வரை குட்டியைத் தெருவிலோ பிற நாய்கள் திரியும் வெறுங்காணியிலோ இறக்கி விடாதீர்கள். பார்வோ வைரசு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சீமெந்துத் தரையை வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் கலந்து கழுவலாம், ஆனால் நமது செம்மண் வளவை அவ்வாறு கழுவிச் சுத்தமாக்க இயலாது.

எலிக்காய்ச்சலைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மனித உயிர்களைப் பறித்த அதே நோய் நாய்களையும் தாக்கும். நோயுற்ற நாயின் சிறுநீர் வழியாக வீட்டாருக்கும் பரவலாம். கூட்டுத் தடுப்பூசிகள் எல்லாவற்றிலும் இதற்கான மருந்து இருப்பதில்லை. எனவே குப்பியின் பெயரில், எலிக்காய்ச்சலின் ஆங்கிலப் பெயரான லெப்டோஸ்பைரோசிஸ் என்பதைக் குறிக்கும் ‘எல்’ (L) என்ற எழுத்து உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதற்கு இரண்டு முதல் நான்கு கிழமை இடைவெளியில் இருமுறையும், பின்னர் வருடத்துக்கு ஒருமுறையும் ஊசி வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் பாதுகாப்பு, குட்டிப் பருவ ஊசிகள் ஒழுங்காக முடிந்த நாய்க்குப் பொதுவாக மூன்று வருடங்களுக்கு நிற்கும்.

தாய்க்குக் கூட்டுத் தடுப்பூசியை இரண்டு முதல் நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு முறையும், விசர்நோய் ஊசியை உடனேயும் போடுங்கள். அது மீண்டும் சினைப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். உயிருள்ள வைரசு கொண்ட ஊசிகளைச் சினைக் காலத்தில் தவிர்ப்பதே நல்லது. வளவை விட்டுப் போகாத நாய்க்கு ஆபத்தில்லை என்பது தவறு. வேலிக்குள் நுழையும் தெருநாயும், எலியும், உங்கள் செருப்பில் ஒட்டி வரும் மண்ணும் கிருமியை அதனிடம் கொண்டுவரும்.

மருந்தை நீங்களே வாங்கிச் செல்வதானால், அது 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். வெயிலில் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் பையைத் தொங்கவிட்டுக் கொண்டுபோன மருந்தை நம்ப முடியாது. பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைத்து உறைய விடுவதும் சில மருந்துகளைக் கெடுக்கும். சிறு பிளாஸ்கில் பனிக்கட்டி இட்டு, மருந்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சலோ வயிற்றோட்டமோ உள்ள நாளில் ஊசியைத் தள்ளிப் போடுங்கள். குடற்பூச்சி மருந்து கொடுக்கவும் மறவாதீர்கள்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். ஓரிரு நாள் சோர்வும், ஊசி ஏறிய இடத்தில் சிறு தடிப்பும் வழமையானவை.

விளையாட்டாகக் குட்டி கடித்தாலோ, நகம் கீறி இரத்தம் வந்தாலோ, அது ஊசி போட்ட குட்டிதான் என்று விட்டுவிடாதீர்கள். சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூளோ மஞ்சளோ பூசாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாயைக் கொல்லாமல் கட்டிவைத்து 14 நாட்கள் கவனியுங்கள். அதன் தடுப்பூசிப் புத்தகத்தையும் கையோடு கொண்டு சென்றால், அங்குள்ள வைத்தியர் முடிவெடுக்க அது உதவும்.