லைக் குவிகிறது, வேலை வரவில்லையே!

கேள்வி: புத்தக அட்டைக்கும் சிறுவர் கதைகளுக்கும் படம் வரைகிறேன். இணையத்தில் மூன்று ஓவியர் குழுக்களில் சேர்ந்து ஒரு வருடமாகப் படங்களைப் போட்டு வருகிறேன். பாராட்டு கொட்டுகிறது, ஒரு வேலைகூட வரவில்லை. எங்கே தப்பு?

பதில்: அந்தப் பாராட்டையெல்லாம் போட்டவர்கள் யார் என்று ஒருமுறை பாருங்கள். முக்கால்வாசிப் பேர் உங்களைப் போல வரைகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் காசு கொடுத்துப் படம் வாங்கப் போவதில்லை, ஆனால் கை நிறைய வேலை வைத்திருக்கும் ஓவியர் தன்னிடம் வந்த நான்காவது வேலையை யாரிடமாவது தள்ளிவிட்டே ஆக வேண்டும், அந்த நேரத்தில் அவர் ஞாபகத்தில் இருப்பது, போன வாரம் தன் படத்தில் கை சரியாக வரவில்லையே என்று புலம்பியபோது பொறுமையாக வரைந்து காட்டியவர்தான். நான் பார்த்தவரை குழுக்களில் வேலை கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்புறம், வெறும் படத்தைப் போடாதீர்கள். "எட்டு வயதுக் குழந்தைகளுக்கான கதை, 12 பக்கம், மூன்று வாரத்தில் முடித்தேன், இரண்டு முறை திருத்தம்" என்று கீழே ஒரு வரி போட்டால், வேலை கொடுக்க வந்தவருக்கு அதுதான் கண்ணில் படும். அவர் அழகை மட்டும் தேடி வருவதில்லை, சொன்ன தேதிக்கு முடிப்பீர்களா என்று தெரியாமல்தான் தயங்குகிறார். ஓவியர் குழுக்களோடு, எழுத்தாளர்களும் சிறு பதிப்பாளர்களும் புழங்கும் குழு ஒன்றிலும் இருங்கள்.

கேள்வி: என் சிறு தொழிலுக்கு லோகோ வேண்டும் என்று ஒரு குழுவில் போட்டேன். ஒரே இரவில் நூறு பேர் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டார்கள். யாரை நம்புவது?

பதில்: "லோகோ தேவை, இன்பாக்ஸ் வாருங்கள்" என்று நாலே வார்த்தையில் போட்டிருப்பீர்கள், சரிதானே? அதற்கு நூறு பேர் வந்தது குறைவு. என்ன தொழில், லோகோ எங்கெல்லாம் வரப்போகிறது (பெயர்ப் பலகையிலா, போன் திரையிலா), எத்தனை நாள், எவ்வளவு தருவீர்கள், இந்த நான்கையும் எழுதிப் பாருங்கள், பாதிப் பேர் தாமாகவே கழன்றுகொள்வார்கள். மீதியில் மூன்று பேரைப் பொறுக்கி, அவர்கள் காட்டும் படங்களை கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) மாதிரி, ஒரு படம் இணையத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று காட்டும் தேடு கருவிகளில் போட்டுப் பாருங்கள், அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று காட்டுகிறவர் அங்கேயே மாட்டுவார். முன்பணம் கொஞ்சம், வரைவு பார்த்தபின் கொஞ்சம், கடைசிக் கோப்பு கைக்கு வரும்போது மீதி. வெக்டர் கோப்பும் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத மூலக் கோப்பு) சேர்த்து வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அதில்தான் வருகிறது.

கேள்வி: பேசாமல் போட்டி வைத்து, பிடித்த ஒன்றுக்கு மட்டும் பணம் கொடுத்தால் என்ன?

பதில்: வைக்கலாம், ஆனால் நல்ல கைகள் வராது. இந்தப் பழக்கம் வந்த கதை வேடிக்கையானது. சைட்பாயின்ட் என்ற தளத்தின் விவாதப் பகுதியில் வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் விளையாட்டாகப் போட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தவர்கள் நிஜ வேலைக்கே பரிசுப் பணத்தோடு வர, 2008-ல் அது 99டிசைன்ஸ் என்று தனித் தளமானது. விளையாட்டுக்கு வரைந்தபோது யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது ஒருவர் ஜெயிக்க, மற்ற எல்லோரும் சும்மா உழைத்தார்கள் என்றாகிறது.

கேள்வி: குழுவில் ஆள் பிடிப்பதா, தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்களைப் பிடித்துத் தரும் ஃபைவர் மாதிரி தளத்துக்குப் போவதா?

பதில்: ஃபைவர் வேலை செய்கிறவரின் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பதிலுக்கு வேலை முடியும்வரை பணத்தைத் தன்னிடம் பிடித்து வைத்திருக்கிறது. குழுவில் கமிஷன் கிடையாது, தகராறு வந்தால் நடுவில் நிற்க ஆளும் கிடையாது. முன்பின் தெரியாதவரோடு முதல் வேலை என்றால் தளம், நமக்கு வேண்டியவர் கைகாட்டிய ஆள் என்றால் குழு. ஒன்று, தளத்தில் சந்தித்தவரை வெளியே கூட்டிப்போய்ப் பணம் கொடுப்பது விதிமீறல், கணக்கையே மூடிவிடக்கூடும்.

கேள்வி: குழுவில் அறிமுகமான ஒருவர் பேசியதைவிட அதிகமாகக் காசோலை அனுப்பி, மிச்சத்தை உடனே திருப்பி அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: கூடவே கூடாது. கணக்கில் பணம் ஏறியதுபோலத் தெரியும், சில நாளில் காசோலை திரும்பும், நீங்கள் அனுப்பியது மட்டும் போனது போனதுதான். குழு நிர்வாகியிடம் இன்றைக்கே சொல்லுங்கள், காசோலை அனுப்பியவர் இதற்குள் அடுத்த ஆளுக்கு வலை வீசியிருப்பார்.