1917-ல் மாயமான கரிக்கப்பல்: பாம்பனில் தேடாதீங்க

உங்க முப்பாட்டனார் 1917-ல் ஒரு கரிக்கப்பலோடு காணாமல் போனார், அது பாம்பன் பக்கம் மூழ்கிக் கிடக்குமா என்று கேட்டிருக்கீங்க. பாம்பனுக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் அந்தக் கப்பல் கிடக்க வாய்ப்பில்லை. கல்கத்தாவிலிருந்து கொழும்புக்குக் கரி ஏற்றி வந்தது என்கிறீங்க. அவ்வளவு பெரிய நீராவிக் கப்பல் ராமர் பாலத்து மணல்திட்டைத் தாண்டாது. பாம்பன் கால்வாயில் சின்னக் கப்பல்தான் நுழையும். உங்க முப்பாட்டனார் இலங்கையைச் சுற்றித்தான் வந்திருப்பார். கீழக்கரையில் திரும்பி வராத ஆள் என்றாலே "பாம்பன்ல போச்சு" என்பாங்க. எங்க வீட்டிலும் அப்படித்தான்.

வருஷம் 1917 என்பதால் எனக்கு வரும் முதல் சந்தேகம் 'வுல்ஃப்' என்ற, முதல் உலகப்போர் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல். அந்த பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடி போட்டது அதுதான். இரண்டு கப்பல்கள் அதில் போயின. அதோடு நிற்கவில்லை: நடுக்கடலில் கப்பல்களைப் பிடித்து, ஆட்களைத் தன்னிடம் ஏற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் மூழ்கடித்தது. 1918 பிப்ரவரியில் அது ஜெர்மனியின் கீல் துறைமுகம் திரும்பும்வரை பல வீடுகளில் 'மாயம்' என்றே இருந்தார்கள்.

இதைச் செய்து பாருங்க:

1. முப்பாட்டனார் அனுப்பிய கடைசிக் கடுதாசி இருந்தால், அதன் தபால் முத்திரையில் மாதம் தெரிகிறதா? சாய்த்துப் பிடித்து வெயிலில் பாருங்க.

2. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் கப்பல் பெயரை முதலில் போடுங்க. மும்பையில் உள்ள 1914–1918 நினைவிடத்தில் இந்திய லஸ்கர்கள் (கப்பல் வேலையாட்கள்) பெயர் இருக்கு. ஆள் பெயரில் தேடினால் தலைவலிதான், 'மரைக்காயர்' என்பதையே நாலு விதமாக எழுதி வைத்திருப்பாங்க.

ஒன்று மட்டும்: எதிரியால் செத்த வணிகக் கப்பல் ஆட்கள்தான் அந்தப் பட்டியலில் வருவாங்க. புயலில் போயிருந்தால் பெயர் இருக்காது.