கடுகு தாளித்தால் காரம் வருவதில்லை, அரைத்தால் மூக்கில் ஏறுகிறது, சில நேரம் கசக்கிறது. ஏன்? உடம்புக்கு நல்லதா?

முழுக் கடுகில் காரம் கிடையாது. சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் அதற்குள் தனித்தனியாக இருக்கின்றன. விதை உடைந்து தண்ணீர் பட்டால்தான் இரண்டும் சேர்ந்து, மூக்கில் ஏறும் அந்தக் காரம் உண்டாகும். சூடு பட்டால் நொதி செத்துவிடும். அதனால்தான் பொரிந்த கடுகில் கொட்டை வாசம் மட்டும்.

காரம் வேண்டுமானால் 2 தேக்கரண்டி கடுகைப் பொடித்து, 2 தேக்கரண்டி குளிர்ந்த நீரில் குழைத்து 10 நிமிடம் விடுங்கள். உப்பும் புளிப்பும் அதன் பிறகுதான். முன்பே வினிகர் ஊற்றினால் காரம் சரியாக எழாது. வெந்நீரில் குழைத்தால் காரம் வராமல் கசப்பே மிஞ்சும். கறுப்புக் கடுகு கடுமை, மஞ்சள் சாது.

தாளிக்க, எண்ணெயில் இரண்டு கடுகு போட்டுப் பாருங்கள். உடனே வெடித்தால் மீதியைப் போட்டு, மூடி, தீயைக் குறையுங்கள். சடசடப்பு அடங்கும்போதே அடுத்த பொருள் விழ வேண்டும். தாமதித்தால் கருகிக் கசக்கும். எண்ணெய் காயுமுன் போட்டால் வெடிக்காமலே கருகும்.

சத்து? ஒரு தேக்கரண்டி சுமார் 3 கிராம்தான். செலினியம், மெக்னீசியம் கொஞ்சம் உண்டு. மருந்தாக எண்ண வேண்டாம். மெல்லாமல் விழுங்கிய முழுக் கடுகு பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். எனக்குத் தெரிந்து உருப்படியான பயன் ஒன்று: வெந்த பிராக்கோலியில் சிட்டிகை வறுக்காத கடுகுப்பொடி தூவினால், வேகும்போது அழிந்த நொதியை அது ஈடுகட்டி, உடம்புக்கு நல்லதென்று கருதப்படும் சல்ஃபோராஃபேன் என்ற பொருள் கூடுதலாக உண்டாகும். கடுகு ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.